மீசை வைத்த கருப்பை

நர்சம்மா மொபெட்டை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். அப்புறம் மொபெட்டோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தோம். லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. முன்னால் நட்ட மூங்கில் கழியில் ஊர்க்கண் படாமலிருக்க ஒரு திருஷ்டிப் பொம்மை தொங்கியது. இரண்டு கொம்பு, உருட்டி விழிக்கும் கண், தொங்கும் சிவப்பு நாக்கு, முறுக்கு மீசை. கழுத்தில் எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய், ஒரு பழைய செருப்பு.

"யாரு இதைக் கட்டுனது?" என்றார் நர்சம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நான்தான். இன்னா, நல்லா கீதா?" என்று பெருமையாக முன்னால் வந்தார் என் மாமியார் குப்பம்மா.

நான் செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அது என்னவென்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது நர்சம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

ஸ்கூல் ஐட்டம்

இந்த வாரம் இந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன் என்றதும் என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "போன வாரம் கேன்டீன் பூரி பத்தி எழுதுனியே, அதே மாதிரி எதையாவது எழுதேம்மா" என்றாள். பூரி எங்கே ஓடிப்போகிறது? இந்தக் கதை இல்லாவிட்டால் தலையில் அடித்துக்கொள்ள அவளே இருந்திருக்க மாட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனியைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்காக இன்னொரு முறை: சோப்பு டப்பா, மக்கு, வாளிக் கைப்பிடி செய்கிற சின்னக் கம்பெனி. எனக்குப் பெயின்ட் செக்‌ஷன். எண்பதுகளின் கடைசிப் பக்கம் அந்தக் கம்பெனிக்கு வடக்கே எங்கிருந்தோ ஒரு ஆர்டர் வந்தது. பள்ளிக்கூட ஆய்வகச் சுவரில் மாட்டுகிற மாடல்கள். காது, கண், சிறுநீரகம் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கடைசியில் வந்தது பெண்ணின் இனப்பெருக்க உறுப்பு.

எங்கள் முதலாளி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். அதன் பெயரை அவர் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அந்த ஸ்கூல் ஐட்டம் எத்தனை ஆச்சு?" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். மோல்டிங் பையன்கள் அதற்கு மாட்டுத்தலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. நடுவில் கருப்பை ஒரு முகம் மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் கருக்குழாய்கள் கொம்பு மாதிரி வளைந்து இறங்கும், நுனியில் சினைப்பைகள் கடுக்கன் மாதிரி தொங்கும். பெட்டிக்குள் வைக்கிற விளக்கத் தாளைப் படித்ததால் எனக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு விளக்க எனக்கு என்ன தலையெழுத்தா?

ஒரு நாள் கலர் பவுடர் கலந்ததில் தப்பாகி, ஒரு லாட் முழுக்கக் கறுஞ்சிவப்பாக வந்து ரிஜெக்ட் ஆனது. வெயிலில் காய்ந்த ஈரல் நிறம். ஓரமாகக் குவித்து வைத்தார்கள்.

ஆயுத பூஜையன்று

எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் பொங்கலைவிடப் பெரிசு. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, குடும்பத்தோடு வரச்சொல்லிப் பொரியும் இனிப்பும் கொடுப்பார்கள். எங்கள் கம்பெனியில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. ரிஜெக்ட் குவியலில் இருந்து வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம். எஸ்டேட்டைச் சுற்றி எந்த வீட்டுக்குப் போனாலும் கோணலான மக்கு இருக்கும்.

பூஜைக்கு வந்திருந்த குப்பம்மா அத்தை அந்தக் குவியலைச் சுற்றி வந்தார். மக்கைத் தூக்கிப் பார்த்து வைத்தார், சோப்பு டப்பாவைத் தட்டிப் பார்த்து வைத்தார். அப்புறம் கண்ணில் பட்டது கறுஞ்சிவப்புக் கருப்பை.

"ஏம்மே மல்லிகா, இது இன்னாது, கொம்பு வெச்சிகினு கீது?"

கல்யாணமாகி மூன்று வருஷமாகக் குழந்தையில்லாத மருமகள், மாமியார் கையில் கருப்பையைப் பார்த்து, பத்து ஆம்பிளைகள் நடுவில், "அது கருப்பை அத்தே" என்று எப்படிச் சொல்வது? "ஸ்கூல் ஐட்டம்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். முதலாளியின் கஷ்டம் அன்றைக்குத்தான் புரிந்தது.

"நம்ம புது ஊட்டுக்குத் தொங்கவுட்டா எந்தக் கண்ணும் அண்டாது" என்று அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். போகும்போது அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்துக் கொடுத்தார் பூஜைக்கு வந்த பூசாரி.

கண்ணையும் நாக்கையும் அத்தையே வரைந்தார். மீசை மேஸ்திரியின் உபயம், தார் தொட்டு எழுதியது.

பாரிவாக்கத்து மாமா

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தைக்குப் பாரிவாக்கத்தில் ஒரு தம்பி. வயசுக்கு வந்த மகள் அவருக்கு உண்டு. மாதம் ஒரு முறை வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "அக்கா, எத்தினி நாளைக்கிப் பாத்துகினு இருப்ப? எம் பொண்ணு கீறா, அத மட்டும் மறந்துடாத" என்பார். நான் காபி கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஊடு குடி போவட்டும், அதுக்குள்ள ஒண்ணும் இல்லன்னா பேசிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். சுவர் ஒரு வரிசை ஏறினால் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் பகீர் என்றிருக்கும்.

அத்தை கெட்டவர் இல்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர், வயலெல்லாம் பிளாட் ஆனதும் இரண்டு எருமையும் ஒரு பசுவும் வைத்துப் பால் ஊற்றினார். பேரப்பிள்ளை வேண்டும் என்று நான் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பேன் என்று ஆத்தாவிடம் நேர்ந்துகொண்டதும் அவர்தான். ஆவடியில் லேடி டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனதும் அவர்தான். அந்த டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லை, உன் வீட்டுக்காரரை ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லு" என்றார். என் கணவர் ஏழுமலை அதைக் கேட்டதும், "எனக்கு இன்னா கொறச்சல்?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்தான். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கழியடியில் பாடம்

இனி பொம்மைக்கு வருவோம்.

நர்சம்மா சுகாதார நிலையத்திலிருந்து வேலைக்குப் போகிற பெண்களும் வீட்டில் இருப்பார்களென்று ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பக்கம் வருகிறவர். வாயும் வயிறுமாக இருக்கிறவர்களுக்கு ஊசி, மாத்திரை, திட்டு எல்லாம் அவர் கையால்தான். சிரித்து முடித்ததும் மேஸ்திரியிடம் ஒரு குச்சி வாங்கிக்கொண்டார்.

"குப்பம்மா, இது பூதம் இல்லை. பொம்பளைங்க வயித்துக்குள்ள இருக்கிற கருப்பை."

சித்தாள்கள் கலவைச் சட்டியை இறக்கி வைத்தார்கள். மேஸ்திரி கரணையோடு நின்றுவிட்டார். சாரத்தின் மேல் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் கணவர் குடத்தைக் கவிழ்க்காமலே நின்றார்.

"இன்னாது! என் வயித்துலயும் இது கீதா?"

"இருக்கு. மீசை கிடையாது."

மேஸ்திரி குனிந்து கரணையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

"இந்தக் கடுக்கன் ரெண்டும் சினைப்பை" என்று குச்சியால் தொட்டார் நர்சம்மா. "மாசத்துக்கு ஒரு முட்டை இதுல இருந்து வெளிய வரும். வந்து இந்தக் கொம்புக்குள்ள போகும். ஒரே ஒரு நாள்தான் அது உயிரோட இருக்கும். அந்த நேரத்துல ஆம்பளையோட விந்தணு வந்து சேர்ந்தா கரு. அது உருண்டு வந்து இந்த முகத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு வளரும். சேரலைன்னா மாசவிலக்கு. நீங்க நாக்கு வரைஞ்சிருக்கீங்களே, அதுதான் கருப்பை வாய்."

"வாய்னு எனக்குத் தெரிஞ்சிதான் நாக்கு போட்டேன்" என்றார் அத்தை, விட்டுக்கொடுக்காமல். பிறகு கொஞ்சம் யோசித்தார். "பசுமாடு பருவத்துக்கு வந்தா ஒரு நாள்தான் நிக்கும். அன்னிக்கே சினை ஊசி போடணும், உட்டா அடுத்த மாசம்தான். அதே கத தான?"

"அதேதான்!"

"மாடு கத்தி ஊரக் கூட்டிடும். இவ கத்தவே மாட்டேன்றாளே, எப்புடிக் கண்டுபுடிக்கிறது?"

செங்கல்லுக்குப் பின்னால் நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"கத்த வேண்டாம். மாசவிலக்கு வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, அதை ஒட்டின நாலஞ்சு நாள். அப்ப புருஷன் பொண்டாட்டி சேர்ந்திருந்தா போதும்."

அத்தை அடுத்துக் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "ஊசி போட்டும் மாடு சினையாவலன்னா, மாட்டு டாக்டரு ஊசி மருந்து கெட்டுப்போச்சானு பாப்பாரு. மனுசனுக்கும் அப்புடிப் பாப்பாங்களா?"

"பார்ப்பாங்க. பாதி வீட்டுல அங்கதான் கோளாறு இருக்கும். பொம்பளையை மட்டும் திட்டிக்கிட்டு இருப்பாங்க."

அத்தை நிமிர்ந்து சாரத்தைப் பார்த்தார். "ஏழுமல! எறங்கு!"

நெஞ்சுவலி பஸ்

விந்து டெஸ்ட் என்றால் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். வீட்டிலேயே எடுத்து, சூடு ஆறாமல், வெயில் படாமல், உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் அம்பத்தூரில் இருந்த லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று காலை அத்தை எருமையைக் குளிப்பாட்ட ஏரிக்குப் போகிறேன் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டுப் போனார்.

ஆவடியில் பஸ் ஏறினோம். இவர் பாட்டிலைப் பனியனுக்குள் விட்டு, இரண்டு கையாலும் மார்பை அணைத்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் வேர்வை ஆறாக ஓடியது. கண்டக்டர் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, நெஞ்சு வலியா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"இல்லன்றாரு, ஆனா எப்புடி வேர்க்குது பாரு! எங்க நைனாவுக்கும் இப்புடித்தான் வந்துச்சு" என்றார் ஒரு பெரியவர். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு அம்மா முந்தானையால் விசிறினார். இன்னொருவர் நெஞ்சைத் தேய்த்துவிட வந்தார், இவர், "தொடாத! தொடாத!" என்று கத்தியதில் வலி அதிகமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"டிரைவர், எங்கியும் நிறுத்தாத, நேரா அம்பத்தூருக்கு உடு!" என்றார் கண்டக்டர்.

நான் லேடீஸ் சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேன் என்று பக்கத்திலிருந்த பெண் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். வழியில் எந்த ஸ்டாப்பிலும் பஸ் நிற்கவில்லை. பாட்டில் அருமையான சூட்டோடு போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்களிடமிருந்து தப்பிக்க இவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், நெஞ்சுவலியைப் பற்றித் தங்கள் அபிப்பிராயத்தையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ரிசல்ட்டில் ஒரு குறையும் இல்லை. என் கணவர் அன்று மாலை தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குத்தான் இன்னும் பயம் கூடியது. அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லையென்றால் ஊர் யாரைச் சொல்லும் என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை

அடுத்த வாரம் நர்சம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, அத்தையையும் எங்களையும் மணல் குவியலில் உட்காரவைத்தார்.

"ரெண்டு பேரும் எப்பெப்ப சேர்ந்திருப்பீங்க?"

நாங்கள் இரண்டு பேரும் ஏரியைப் பார்த்தோம். பதில் அத்தையிடமிருந்து வந்தது.

"அவன் எங்க ஊட்ல கீறான்? நைட் ஷிப்ட்டு. கூலிக்கு மேல படிக்காசு கெடைக்குதுன்னு கல்யாணமான மாசமே மாத்திகினான். ஊடு கட்டணும்ல? இவ வேல வுட்டு வரச்சொல்ல அவன் கெளம்பிடுவான். அவன் வரச்சொல்ல இவ போயிடுவா."

"ஞாயித்துக்கிழமை?"

"அது இவளுக்கு லீவு, அவனுக்கு இல்ல. அவன் தூங்கி எழுந்ததும் ரெண்டு பேரும் செவுத்துக்குத் தண்ணி ஊத்த வந்துடுவாங்க. சாயங்காலம் அவன் கம்பெனிக்கு."

"அவருக்கு எப்ப லீவு?"

"வெள்ளிக்கெழம."

"சரி, அப்ப வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுல இருக்காரு."

"இருப்பான்."

"அப்புறம் என்ன?"

அத்தை மணலைக் கிளற ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "வெள்ளிக்கிழமை எனக்கு விரதங்க. மஞ்சள் புடவை கட்டிக்கிட்டு, சாமி படத்துக்கு முன்னாடி அத்தை பக்கத்துல பாய் போட்டுப் படுத்துக்கணும்."

"எதுக்கு விரதம்?"

"குழந்தை பிறக்கணும்னு."

நர்சம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. மொபெட் சாவியை விரலில் சுற்றினார். "அப்ப தீபாவளி, பொங்கல்னு வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள். அன்னைக்குன்னு பார்த்து முட்டை வரணும். என்ன கொடுமைடா சாமி!"

அத்தை எழுந்து போய் எருமைக்குத் தண்ணீர் காட்டினார்.

கம்பெனி கேட்டில்

மறுநாள் விடிந்ததும், "புடவைய மாத்து, வா" என்று என்னை இழுத்துக்கொண்டு என் கணவருடைய கம்பெனி கேட்டுக்குப் போனார். இரவு ஷிப்ட் வெளியே வந்துகொண்டிருந்தது, பகல் ஷிப்ட் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதைவிடக் கூட்டமான நேரம் அந்த எஸ்டேட்டில் கிடையாது. ஃபோர்மேன் செல்வராஜ் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அத்தை அவர் முன்னால் போய் நின்றார்.

"சார், உங்க கம்பெனி லீவ வேற நாளைக்கி மாத்துங்க."

"என்னம்மா?"

"வெள்ளிக்கெழம வேணாம். நான் ஆத்தாகிட்ட அந்த நாளச் சொல்ட்டேன். சாமிகிட்ட சொன்னத மாத்த முடியாது. நீங்க மாத்துங்க."

"அம்மா, வார லீவு நாங்க வைக்கிறது இல்லை. கரண்டுக்காக ஒவ்வொரு ஏரியாவுக்கு ஒவ்வொரு நாள் கொடுத்திருக்காங்க. உங்க விரதத்துக்கும் கம்பெனி லீவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மாட்ட ஒரு கொட்டாயிலயும் காளைய ஒரு கொட்டாயிலயும் கட்னா, கன்னுக்குட்டி எங்கேந்து சார் வரும்?"

இரண்டு ஷிப்ட்டும் ஒரே நேரத்தில் சிரித்தது. சைக்கிள் ஸ்டாண்டில் என் கணவரின் தலை மெல்லக் கீழே இறங்கி மறைந்ததைப் பார்த்தேன். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அத்தை சிரிக்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

"சிரிக்காதீங்க சார். இவள ஊரே மலடின்னுது. நானும்தான் சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் இல்ல. என் புள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. நீங்க அவன ராத்திரில புடிச்சி வெச்சிகினீங்க, நான் இவள வெள்ளிக்கெழமைல புடிச்சி வெச்சிகினேன். நாம ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்துகினு கீறோம். நான் உட முடியாது, சாமி குத்தம் ஆயிடும். நீங்களாவது உடுங்க."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் இல்லை. மூன்று வருஷத்தில் எனக்காக ஒருவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

செல்வராஜ் சார் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஏழுமலைக்குப் பகல் ஷிப்ட். யாராவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. யாருக்கும் இல்லை. அதற்கப்புறம் ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும், "அண்ணாத்தே, கெளம்பு கெளம்பு, லேட்டாவுது" என்று இவரைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்புவார்களாம். ஓவர்டைம் கேட்டால்கூடக் கொடுக்கவில்லை.

குடி போன நாள்

நைட் ஷிப்ட்டுப் படிக்காசு நின்றதால் பூச்சு வேலை பாதியில் இருக்கும்போதே, அந்தத் தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சினோம். பாரிவாக்கத்து மாமா தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். மகளும் பட்டுப் பாவாடையில் வந்திருந்தாள். பாவம், அவளுக்கும் இதில் இஷ்டமில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பந்தி முடிந்து எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது மாமா பேச்சை எடுத்தார். "இன்னாக்கா, ஊடும் குடி வந்தாச்சு. நீ சொன்ன கெடு முடிஞ்சிபோச்சு. அது விசயமா பேசிடலாமா?"

நான் அப்போது வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை நிதானமாக ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவினார். "பேசலாமே. நல்ல பொண்ணு, எதுக்கு ஊட்ல வெச்சிகினு கீற? சீக்கிரம் கட்டிக் குடு. மாப்புள பாக்கச்சொல்ல சொத்து கீதா, வேல கீதானு மட்டும் கேக்காத. பகல் ஷிப்ட்டானு கேளு."

அப்புறம் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "காலையிலேந்து நின்னுகினே கீற, குந்து" என்று தன் பக்கத்தில் என்னை இழுத்து உட்காரவைத்தார்.

அன்றைக்கு என் வயிற்றில் இன்னும் ஒன்றும் இல்லை. அது அத்தைக்கும் தெரியும்.